ஓரவெட்டு

எல்பா மான்சில்லாவின் வீட்டைக்
கடல்வழியே இழுத்துப்போக நாள் குறித்திருந்தார்கள்.
லெமுய் தீவில் அப்படித்தான்.
நிலம் கைமாறினால்
வீடு சுவரும் கூரையுமாய்க் கிளம்பிவிடும்.

முந்தின இரவு
அவள் குளியலறையைக் கேட்டு வாங்கினேன்.
சன்னலுக்குக் கறுப்புப் போர்வை, நான்கு ஆணி.
கதவிடுக்கில் ஈரத் துண்டு.
சுடுநீரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுத்
தூசி படியட்டும் என்று காத்திருந்து
விளக்கை அணைத்தேன்.
எங்கேனும் ஒரு கோடு வெளிச்சம் மிச்சமா?
வெளியே மழை மட்டும். அது எப்போதும்.

பெட்டிக்கு மூன்று மூடி.
உள்ளே உறை. உறைக்குள்
பிலிம், காகிதம், பிலிம், காகிதம்.

இருட்டிலும் கைக்கு வாய் தப்பாது என்பார்கள்.
வாய்க்குச் சரி.
பிலிமுக்கு ஓர் ஓரத்தில் வெட்டு வைத்திருக்கிறார்கள்,
எலி கொறித்த அளவு.
தாளை நெட்டாகப் பிடி.
வெட்டு வலது மேல்மூலையில்,
வலக்கை ஆட்காட்டி விரலடியில் வந்தால்
பூச்சுள்ள முகம் உன்னைப் பார்க்கிறது.
இல்லையா, முதுகைக் காட்டுகிறது.

பிறகு ஹோல்டர்.
இரு பக்கத் தண்டவாளத்துக்கும் அடியில் தாள் போக வேண்டும்.
நகத்தால் நெம்பிப் பார், எழும்பக்கூடாது.
மடிப்பை மூடு. தகட்டைத் தள்ளு,
மணிமணியாய்ப் புடைத்த வெள்ளை விளிம்பு வெளியே:
இன்னும் எதையும் பார்க்கவில்லை என்று பொருள்.
பார்த்து முடித்தபின் கறுப்பு.

ஆறு ஏற்றினேன்.
ஏழாவதில் கதவு தட்டப்பட்டது.

நீபால்தோ. ஐந்து வயது.
"அத்தை, எனக்கு வருது."
"இரு."
"வந்துடுச்சு."
"திறக்காதே!"
காலை மாற்றி மாற்றி அவன் குதிப்பது
பலகைத் தரை வழியே என் பாதத்துக்குத் தெரிந்தது.
ஏழும் எட்டும் எப்படிப் போயின, நினைவில்லை.
காகிதங்களைக் கூடையில் தள்ளி
மூன்று மூடியும் மூடி
விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தால்
என்னை இடித்துக்கொண்டு ஓடினான்.

மறுநாள் பதினாறு எருதுகள்.
உருளைக் கட்டைகள் முனக
வீடு புல்லில் இறங்கியது, மணலில் இறங்கியது,
கடல் ஏறியதும் மிதந்தது. மூன்று படகு இழுத்தது.
உள்ளே ஆள் இருக்கக்கூடாது என்று ஊரே கத்தியும்
எல்பா மேல்சன்னலில் நின்றாள்,
திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு,
விருந்தாளி வருகிறாரா என்று பார்ப்பவள் மாதிரி.
கறுப்புத் துணிக்குள் அவளைத் தலைகீழாய்ப் பார்த்தேன்.
ஏழாவது தாள். அரை நொடி.
தகட்டைத் திருப்பிச் செருகினேன். கறுப்பு.

காஸ்த்ரோவில், என் தட்டில்
அது ஊறி நெளியத் தொடங்கியது.
காகிதம்.
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்,
ஏதோ இருக்கும்போல.
வெட்டில்லாத நான்கு மூலை.
விரல் தேடியிருக்க வேண்டும்.
விரல் அன்றைக்குப் பையனைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன்.
வீடு அக்கரையில், லேசாய் இடப்பக்கம் சாய்ந்து.
குளியலறைக் கண்ணாடிச் சட்டத்தில்
ஊதா ஏறிய ஒரு தாளைச் செருகியிருந்தாள்.
"கூடையில கிடந்துச்சு. வழுவழுன்னு நல்லாருக்கேன்னு."

அதுதான் கடல் தாண்டியது.
கூடைக்குள், கழிப்பறைப் பக்கம்,
போர்வை கழற்றிய சின்ன சன்னலின்
வெளிச்சம் முழுவதையும் குடித்துக்கொண்டு.
கரையில் நான்
ஒரு காகிதத்துக்கு அவளைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

வெட்டு இடது மூலையில் இருந்தது.
விட்டிருக்கலாம். விடவில்லை.
உருவி, புரட்டி, மறுபடி செருகினேன்.

"இப்ப என்ன மாறிடுச்சு?"
"இப்ப அது உங்களைப் பாக்குது."

எல்பா குனிந்து உற்றுப் பார்த்தாள்.
கதவு தட்டப்பட்டது.